இலவசக் கண் முகாமும் கண்புரை ஒபரேசனும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூதூர், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் என்று எந்தப் பக்கம் கண் முகாம் போட்டாலும், பதிவு மேசைக்கு வரும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். வரிசையில் நின்றுகொண்டு கேட்டால் அரைகுறையாகத்தான் பதில் கிடைக்கும். ஆறுதலாக வாசிக்க ஏற்றபடி இங்கே எழுதி வைத்திருக்கிறோம். வீட்டில் வாசிக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

இலவசம் என்றால் உண்மையிலேயே ஒரு சதமும் கட்டத் தேவையில்லையா?

பரிசோதனைக்குப் பணம் இல்லை. அரச வைத்தியசாலையில் ஒபரேசனுக்கும் பணம் இல்லை. இலங்கையில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை எல்லோருக்கும் இலவசம், அதற்குச் சமுர்த்தி, அஸ்வெசும போன்ற அரச உதவிப் பணம் பெறுபவராக இருக்கவேண்டிய அவசியம் கிடையாது. ஆனாலும் லென்ஸோ சொட்டு மருந்தோ கையிருப்பில் இல்லாத காலங்களில் வெளியே வாங்கச் சொல்வதுண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் நாடு முழுக்க மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தரும அமைப்புகள் பெரும்பாலும் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்: லென்ஸ், சொட்டு மருந்து, கண்ணாடி.

இதையும் தாண்டி ஒரு செலவு இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலைக்கு வர பஸ், அங்கிருந்து ஓட்டோ, கூட வருபவரின் ஒரு நாள் சம்பளம், இரண்டு பேருக்குச் சாப்பாடு. ஒபரேசனுக்கு ஒருமுறை, மறுநாள், ஒரு கிழமையில், பிறகு ஒரு மாதம் கழித்து என்று இந்தச் செலவு திரும்பத் திரும்ப வரும். கூலி வேலை செய்யும் வீட்டில் ஒபரேசன் தள்ளிப்போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆகவே முகாம் நடத்துபவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “வாகனம் ஒழுங்கு செய்வீர்களா? திரும்பக் காட்ட வரும் நாளுக்கும் வாகனம் உண்டா?” இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

முகாமிலேயே ஒபரேசன் செய்துவிடுவார்களா?

இல்லை. முகாம் பாடசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ நடக்கும், அங்கே கண்ணைப் பார்த்துத் தெரிவுசெய்வது மட்டும்தான். ஒபரேசன் வைத்தியசாலைத் தியேட்டரில். முன்பு இந்தியாவில் பாடசாலை மேசைகளை வரிசையாகப் போட்டு ஒபரேசன் செய்த காலம் இருந்தது. மதுரையில் 1976இல் 11 கட்டில்களோடு டொக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலையும் ஆரம்பத்தில் கிராமங்களுக்குப் போய்ச் செய்ததுதான். பிறகு முறையை மாற்றினார்கள்: கிராமத்தில் பார்ப்பது, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து வைத்தியசாலையில் செய்வது, திரும்பக் கொண்டுபோய் விடுவது. கிருமித் தொற்றுக்கு இடம் கொடுக்காமல் இருக்க இதுதான் வழி. மண்டபத்திலேயே கண்ணை அறுக்கிறோம் என்று யாராவது சொன்னால், எவ்வளவு பெரிய பெயர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

முகாம் அன்று என்னதான் நடக்கும்? ஏன் அரை நாள் எடுக்கிறது?

முதலில் பெயர், வயது, வருத்தங்கள், குடிக்கும் குளிசைகள் எல்லாம் பதிவார்கள். அடுத்தது 6 மீற்றர் தூரத்தில் எழுத்துப் பலகை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு, மூன்று கால் உள்ள ஒரு குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டச் சொல்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊகித்துச் சொல்லாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். மகன்மார் இதைப் பாசத்தில் செய்கிறார்கள், அதனால் அம்மாவின் பெயர் பட்டியலில் ஏறாமல் போகிறது.

அதற்குப் பிறகு சிலருக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவார்கள். எரியும். இருபது, முப்பது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். நேரம் போவது இங்கேதான். விரிந்த கண்மணி வழியாகத்தான் உள்ளே விழித்திரையைப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் சில மணித்தியாலங்களுக்கு வெயில் கூசும், பக்கத்தில் உள்ளது மங்கும். மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு தனியாக வராதீர்கள்.

கண்புரை நன்றாக முற்றிய பிறகுதான் வெட்டவேண்டும் என்கிறார்களே?

அது பழைய காலத்துக் கதை. அன்றைய முறையில் முற்றிய புரையை எடுப்பது சுலபமாக இருந்தது, அதனால் காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது கணக்கு எதிர்ப்பக்கம்: முற்றினால் புரை கல்லாகி, ஒபரேசன் சிரமமாகும். மிகவும் முற்றிய புரை கண்ணின் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றி, தாங்கமுடியாத வலியோடு பார்வை நரம்பையே கெடுத்துவிடவும் கூடும். உங்கள் அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சல் என்றால் அதுவே நேரம். வலை முடிபவருக்கும் பஸ் ஓட்டுபவருக்கும் அந்த நேரம் சீக்கிரம் வரும்.

சொட்டு மருந்தில் புரை கரையுமா?

கரையாது. கரட், பொன்னாங்காணி சாப்பிட்டாலும் கரையாது. அவற்றைச் சாப்பிடுங்கள், அது வேறு விடயம்.

ஒபரேசன் எப்படி இருக்கும்? மயக்கி விடுவார்களா?

பெரும்பாலும் முழு மயக்கம் இல்லை. கண்ணை மட்டும் மரக்கச் செய்வார்கள், சத்தங்கள் கேட்கும், வெளிச்சம் தெரியும், நோவு இருக்காது. மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு செயற்கை லென்ஸை வைப்பார்கள். சிறு வெட்டு முறை, அல்ட்ராசவுண்டில் உடைத்து உறிஞ்சும் முறை என்று இரண்டு உண்டு. சரியான கையில் இரண்டுமே நல்ல பார்வை தரும். “மெசினில் செய்தால்தான் நல்லது” என்று கேட்டு ஆறு மாதம் காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. உங்கள் கண்ணுக்கு எது பொருத்தம் என்பதை டொக்டர் சொல்லட்டும். அரை மணித்தியாலத்துக்குள் அநேகமாக முடிந்துவிடும், ஆனால் இடையில் அசையக்கூடாது. இருமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

லென்ஸைப் பற்றி ஒரு சின்னக் கதை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானிகளின் கண்களுக்குள் விமானக் கூரையின் பிளாஸ்டிக் துண்டுகள் போனபோது கண் அதை ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டதை டொக்டர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். நம்முடைய சீனன்குடா விமானத்தளத்திலும் அதே வகைச் சண்டை விமானங்கள் நின்ற காலம் அது. 1949இல் லண்டனில் முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் வைத்தவர் அவர்தான். அதற்கு முன்பும், லென்ஸ் விலை எட்டாமல் இருந்த பிற்காலத்திலும், ஒபரேசன் முடிந்தவர்கள் சோடாப் போத்தல் கண்ணாடியோடுதான் திரிந்தார்கள். உங்கள் அப்பப்பா போட்டிருந்திருப்பார். 1992இல் மதுரையில் தொடங்கிய, அரவிந்தின் லென்ஸ் தொழிற்சாலையான ஓரோலாப், நூறு டொலர் அளவில் விற்ற லென்ஸைப் பத்து டொலர் அளவுக்குக் கொண்டுவந்தது. ஏழைகளுக்கான இலவச ஒபரேசன் இவ்வளவு பரவியதற்கு அந்த விலை இறக்கமும் ஒரு காரணம்.

இரண்டு கண்ணையும் ஒரே நாளில் செய்யலாமா?

வழக்கமாக இல்லை. ஒன்று ஆறிய பிறகு மற்றது.

சீனி வருத்தம், பிரசர் உள்ளவர்களுக்கு மறுத்துவிடுவார்களா?

மறுக்கமாட்டார்கள், கட்டுப்பாட்டுக்கு வரும்வரை திகதியைத் தள்ளுவார்கள். சீனி ஏறிய உடம்பில் புண் ஆறுவது தாமதம், தொற்றும் சுலபமாக வரும். ஒபரேசன் அன்று குளிசை எடுப்பதா விடுவதா என்று நீங்களாக முடிவு செய்யாமல் கிளினிக்கில் கேளுங்கள், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். இன்னொன்று: சீனி வருத்தம் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும், தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. புரை இருக்கோ இல்லையோ, வருடத்துக்கு ஒருமுறையாவது கண்மணியை விரித்துப் பார்க்கவேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்கவேண்டும்?

நல்ல ஒபரேசன் கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டில்தான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சொட்டு மருந்து நாலு கிழமை முதல் ஆறு கிழமை வரை போகும். பார்வை தெளிந்துவிட்டது என்று இரண்டாம் கிழமையில் நிறுத்துபவர்கள் அதிகம். நிறுத்தாதீர்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்து, ஒரு துளி. போத்தல் நுனி இமையிலோ மயிரிலோ படக்கூடாது. இரண்டு வகை மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். திறந்த போத்தலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவேண்டாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

முதல் இரண்டு கிழமை கண்ணுக்குள் பச்சைத் தண்ணீர் போகக்கூடாது. கழுத்துக்குக் கீழே குளியுங்கள், முகத்தை ஈரத் துணியால் துடையுங்கள். கடல் குளிப்பும் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவதும் இப்போதைக்கு இல்லை. இறந்தவருக்குக் கன்னியாவில் செய்யும் முப்பத்தோராம் நாள் காரியம் போன்ற தவிர்க்கமுடியாத ஒன்று வந்தால் டொக்டரிடம் சொல்லி ஒபரேசன் திகதியை முன்பே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். விறகு அடுப்புப் புகையில் நிற்கவேண்டாம். தண்ணீர்க் குடம், எரிவாயு சிலிண்டர் தூக்கவேண்டாம். இரவில் பிளாஸ்டிக் மூடியைக் கட்டிக்கொண்டு படுங்கள், தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும்.

தொழுகை பற்றிக் கிண்ணியாவிலும் மூதூரிலும் எப்போதும் கேட்பார்கள். குனிந்து நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்வதற்குப் பதிலாகக் கதிரையில் இருந்து தொழச் சொல்வது வழக்கம், எத்தனை நாளைக்கு என்று டொக்டரிடம் கேளுங்கள். கோயிலில் விழுந்து கும்பிடுவதற்கும் அதே கதைதான், நின்று கும்பிடுங்கள். நோன்பு காலத்தில் சொட்டு மருந்தை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் (மார்க்கச் சட்ட) கழகம், தொண்டைக்கு வருவதை விழுங்காமல் இருந்தால் கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. மனம் கேட்காவிட்டால் உங்கள் பள்ளி மௌலவியிடமும் கேளுங்கள், ஆனால் மருந்தை நிறுத்தும் முன் கேளுங்கள்.

எதைக் கண்டால் பயப்படவேண்டும்?

கூடிக்கொண்டே போகும் வலி, சிவப்பு கூடுவது, பீளை, நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாமல் போவது. கண்ணுக்குள் தொற்று என்றால் மணித்தியாலக் கணக்கில் பார்வை போகும். “அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமைதானே” என்று இருக்காதீர்கள். இரவானாலும் ஞாயிறானாலும் வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்கும் காசு இல்லை.

ஒபரேசன் செய்தும் தெளிவில்லையே, ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்படாதீர்கள். கண் ஆறி நிலைக்க ஏறக்குறைய ஆறு கிழமை ஆகும், அப்போதுதான் கண்ணாடிக்கு அளவெடுப்பார்கள். சாதாரண லென்ஸ் தூரத்துக்குத்தான் வைப்பார்கள், பேப்பர் வாசிக்கக் கண்ணாடி வேண்டும். ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி மங்கினால், லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு தடித்திருக்கலாம். அதற்கு லேசர் உண்டு, வெட்டுவதில்லை, சில நிமிட வேலை. புரைக்குப் பின்னால் விழித்திரையோ நரம்போ முன்பே பழுதாகி இருந்தால் மட்டும் முழுப் பார்வை வராது. முற்றிய புரை இருக்கும்போது பின்னால் என்ன இருக்கிறது என்று டொக்டருக்கும் சரியாகத் தெரியாது.

கடலுக்குப் போகிறேன். கருவிழிக்கு மேலே சதை வளர்கிறது. இதுவும் புரையா?

இல்லை. வெயிலும் உப்புக் காற்றும் தூசியும் படும் தொழிலில் இது சாதாரணம், மீனவர்களிலும் வயல்காரரிலும் அதிகம். சிறிதாக இருந்தால் விட்டுவைக்கலாம். கண்மணியை நோக்கி வந்தாலோ பார்வை வளைந்தாலோ வெட்டவேண்டும், வெட்டினாலும் திரும்ப வளரக்கூடியது. அகல விளிம்புத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஸ்டைலுக்கு இல்லை என்பதைப் பொடியன்களுக்கும் சொல்லி வையுங்கள்.

சூடடிக்கும்போது கண்ணில் உமி பட்டுவிட்டது. தாய்ப்பால் விடலாமா?

விடவேண்டாம். தாய்ப்பால், இலைச்சாறு, தேன் எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரால் கழுவுங்கள், கசக்காதீர்கள், அன்றைக்கே காட்டுங்கள். நெல்லும் வைக்கோலும் கீறிய கருவிழியில் பூஞ்சணம் பிடிக்கும். தம்பலகாமம், கந்தளாய் பக்கம் அறுவடைக் காலத்தில் பார்மசியில் “சிவப்புக்கு ஒரு மருந்து” என்று வாங்கி விடுவது இன்னும் மோசம். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் இரண்டு நாள் சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சணம் தின்றுகொண்டே போகும். அப்புறம் வெள்ளைத் தழும்போடு வருவார்கள், அதை ஒன்றும் செய்யமுடியாது, கருவிழி மாற்றுவதைத் தவிர.

குளுக்கோமா என்றார்கள். அதற்கும் முகாமில் ஒபரேசன் உண்டா?

குளுக்கோமா பார்வை நரம்பை அரிக்கும் வருத்தம், போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து, அதுவும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. ஆகவே முகாம் இதற்குப் போதாது, கிளினிக்கில் பதிந்து கிளினிக் கொப்பியோடு ஒழுங்காகப் போகவேண்டும். உங்களுக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதுக்குள்ளேயே சோதித்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளையும் கூட்டி வரலாமா?

தாராளமாக. பாடசாலையில் 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் கண்ணும் பார்ப்பார்கள். அன்றைக்கு வராத பிள்ளை தப்பிவிடும். பலகைக்குக் கிட்டப் போய் எழுதுவது, ரீவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இருப்பது, தலையைச் சரித்துப் பார்ப்பது, மாறுகண் எல்லாம் காட்டவேண்டிய அறிகுறிகள். “மாறுகண் அதிர்ஷ்டம்” என்று விட்டால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும், ஏழு எட்டு வயதுக்குப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ முகாம் வரும்வரை பார்க்காமல் அதே கிழமை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அது கண் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அம்மா “எனக்கு எல்லாம் தெரியுது” என்று வரமறுக்கிறார். என்ன செய்வது?

உலகளவில் பார்வை இழந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். முகாம் வரிசையைப் பார்த்தால் காரணம் விளங்கும்: அப்பாவைக் கூட்டிக்கொண்டு அம்மா வந்திருப்பார், தன்னைப் பதியமாட்டார். வீட்டில் கவனித்துப் பாருங்கள். அரிசியில் கல்லைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவி எடுக்கிறாரா? படலையைத் திறப்பவரைக் குரல் கேட்டபிறகுதான் “ஆர், நீயா பிள்ளை” என்கிறாரா? மாடிப் படியில் கடைசிப் படியைக் காலால் தேடுகிறாரா? ஒரு கண்ணைப் பொத்திவிட்டுச் சுவரில் உள்ள கலண்டரில் திகதி கேளுங்கள், பிறகு மற்றக் கண்.

மறுப்பதற்குப் பின்னால் அநேகமாகப் பயமும் பேரப்பிள்ளையும் இருக்கும். பயத்துக்கு, அதே ஒழுங்கையில் ஒபரேசன் செய்த இன்னொரு அம்மாவைக் கூட்டி வந்து கதைக்கவிடுங்கள். எங்கள் துண்டுப் பிரசுரங்களைவிட அது வேலை செய்கிறது. பேரப்பிள்ளையை அந்த ஒரு கிழமை யார் பார்ப்பது என்பதை அம்மா கேட்கும் முன் நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள்.

நாங்கள் கனடாவில். ஊரில் எங்கள் செலவில் முகாம் நடத்தலாமா?

நடத்தலாம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையோடும் கண் பிரிவோடும் முதலில் பேசுங்கள். டொக்டர்கள் எத்தனை பேருக்கு ஒபரேசன் செய்ய முடியும் என்று தெரிந்த பிறகு முகாமின் அளவைத் தீர்மானியுங்கள். பெரிய பனர் கட்டி நூற்றுக்கணக்கில் தெரிவுசெய்துவிட்டு, பட்டியல் மேசை லாச்சியில் கிடப்பது நல்ல காரியம் இல்லை. 2018இல் அமெரிக்கக் கடற்படையின் வைத்தியசாலைக் கப்பல் மெர்சி நம் துறைமுகத்துக்கு வந்தது. அப்படி வருபவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும், ஆனாலும் அவர்கள் போன பிறகு சிவந்த கண்ணோடு வருபவரைப் பார்க்கப்போவது இங்குள்ள கிளினிக்தான். எங்கள் யோசனை: பணத்தில் ஒரு பங்கைத் திரும்பக் காட்டும் நாட்களின் வாகனத்துக்கும் ஆறாம் கிழமைக் கண்ணாடிக்கும் ஒதுக்குங்கள். அது படம் எடுக்க அழகாக இராது, ஆனாலும் தேவை அதுதான்.

பாவித்த கண்ணாடிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பவேண்டாம். ஒருவரின் இரண்டு கண் அளவுக்கும் பொருந்தும் பழைய கண்ணாடியைத் தேடிப் பிடிக்கும் செலவில் புதிதாகவே செய்துவிடலாம்.

கண் தானம் செய்தால் கண்புரைக்காரருக்குப் பயன்படுமா?

படாது. தானமாகக் கிடைக்கும் கருவிழி, கருவிழி பழுதானவர்களுக்கு மட்டும். மேலே சொன்ன உமிக் காயக்காரர் போன்றவர்களுக்கு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கை கண் தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கருவிழி அனுப்பத் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குக் கொடுத்திருக்கிறது. கண்ணாடி போட்டவரும் புரை ஒபரேசன் செய்தவரும் கொடுக்கலாம், முகம் விகாரப்படாது. இறந்து சில மணித்தியாலங்களுக்குள் எடுக்கவேண்டும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லி வைப்பது முக்கியம், கையெழுத்து மட்டும் போதாது.

எங்கள் பக்கம் முகாம் எதுவும் இல்லை. காத்திருக்கவா?

வேண்டாம். கிட்ட உள்ள வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் காட்டி, கண் கிளினிக்குக்குத் துண்டு வாங்கிக்கொண்டு போங்கள். திருகோணமலையில் முடியாதவற்றைக் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

வரும்போது என்ன கொண்டுவர?

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, குடிக்கும் குளிசைகள் எல்லாம் ஒரு பையில், பெயர் தெரியாவிட்டால் வெற்றுப் பெட்டியாவது. குளிசையைக் குடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வாருங்கள், முகாமுக்குப் பட்டினி தேவையில்லை. பழைய கண்ணாடி இருந்தால் உடைந்திருந்தாலும் எடுத்து வாருங்கள், அதிலிருந்து பவரை அளக்கலாம்.